ஜீயஸையும் அதீனாவையும் இன்றைக்குக் கும்பிட முடியுமா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "பழைய கிரேக்கக் கடவுள்களை இன்றும் யாராவது நிஜமாகவே கும்பிடுகிறார்களா? எனக்கு அதீனாவின் மேல் பல வருடமாக ஒரு பிடிப்பு. வீட்டில் அம்மாவின் பூஜை அலமாரியில் அவள் படத்தையும் வைத்து விளக்கேற்றலாம் என்று தோன்றுகிறது. அது தவறா, வேடிக்கையா? செய்வதென்றால் எப்படி?" கேட்டிருப்பது மூன்று. கேட்காமல் விட்டது ஒன்று உண்டு என்று நினைக்கிறேன்: ஆயிரத்து ஐந்நூறு வருடங்களுக்கு முன் அணைத்த விளக்கை நான் ஏற்றினால் அது பக்தியா, வேஷமா? மற்ற மூன்றும் இதற்குள் அடங்கிவிடும் என்பதால் இதை மனத்தில் வைத்தே பதில் சொல்கிறேன்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய கிரேக்கக் கல்வெட்டுகளைப் படிப்பது என் தொழில். அவற்றில் கணிசமானவை கோயில் சமாச்சாரம்தான்: எந்தத் தெய்வத்துக்கு எந்த நாளில் என்ன பலி, தோல் யாருக்கு, பூசாரிக்கு எந்தப் பங்கு, இறைச்சியை வெளியே கொண்டுபோகலாமா, அங்கேயே தின்று தீர்க்க வேண்டுமா. ஏதென்ஸில் ஆறு வருடம் இருந்தேன். அங்கே இந்தத் தெய்வங்களை இன்று கும்பிடுகிற சிலரோடு பழக்கமும் உண்டு. ஆனால் நான் கும்பிடுகிறவன் இல்லை. பழைய ஆட்கள் என்ன செய்தார்கள் என்பதை ஓரளவு உறுதியாகப் பேசுவேன். அந்தத் தெய்வங்கள் கேட்கின்றனவா என்பது என் பாடத்துக்கு வெளியே.

ஆம், கும்பிடுகிறார்கள். கிரேக்கத்தில் இவர்களின் முக்கிய அமைப்பு 1997இல் தொடங்கியது; ஒய்எஸ்இஇ என்று அதன் முதலெழுத்துகளால் அழைக்கப்படுகிறது. வெளியே இருப்பவர்கள் இவர்களை 'பன்னிரு தெய்வக்காரர்கள்' என்று கொஞ்சம் கேலியாகச் சொல்வார்கள். இவர்களுக்கு அந்தப் பெயர் பிடிக்காது. தாங்கள் வெறுமனே 'ஹெலனிஸ்மோஸ்', அதாவது கிரேக்க மரபின், வழி நடப்பவர்கள் என்பார்கள். கிரேக்க அரசியலமைப்பில் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவமே மேலோங்கிய மதம் என்று எழுதியிருக்கிறது. மற்றபடி 'அறியப்பட்ட மதம்' எதையும் சுதந்திரமாகப் பின்பற்றலாம். ஜீயஸை 'அறியப்பட்ட மதம்' ஆக்குவதற்கு 2017 வரை ஆயிற்று. 2014இல் வந்த மதச் சட்டத்தின் வழியாக அந்த அமைப்பு அந்த நிலையைப் பெற்றது. அதற்கு முன்பே, 2007 ஜனவரியில், எல்லினாயிஸ் என்ற இன்னொரு சங்கத்தார் ஏதென்ஸின் ஒலிம்பிய ஜீயஸ் கோயில் தூண்களுக்கு நடுவே, கலாசார அமைச்சகத்தின் அனுமதி இல்லாமலே, சடங்கு நடத்தினார்கள். உலகச் செய்திகளில் எல்லாம் அது வந்தது. தொல்லியல் இடங்களில் வழிபாடு நடத்த அனுமதி கிடைப்பது இன்றும் குதிரைக்கொம்புதான்.

இதில் எனக்கு வேடிக்கையாகப் படுவது ஒன்று. ஒலிம்பிக் போட்டிகளுக்கு முன் ஒலிம்பியாவில், ஹீரா கோயில் இடிபாட்டின் முன்னால், வெள்ளை உடுத்திய நடிகை ஒருவர் அப்போலோவை அழைத்து, குழியாடியில் வெயிலைக் குவித்துத் தீபம் ஏற்றுகிறார். 1936 முதல் நடக்கிறது. யாரும் எதிர்ப்பதில்லை, அது நாடகம் என்று எல்லோருக்கும் தெரியும். அதே வார்த்தைகளை ஒருவர் நம்பிச் சொன்னால்தான் காவலாளி விசில் ஊதுகிறார். இன்னொன்று: ஏதென்ஸ் சந்தை வெளியில் பன்னிரு தெய்வங்களுக்கான பலிபீடம் ஒன்று கி.மு. 522 வாக்கில் நிறுவப்பட்டது. நகரத்திலிருந்து மற்ற ஊர்களுக்கான தூரத்தை அதிலிருந்துதான் அளந்தார்கள். அதன் ஒரு மூலை மட்டும் இன்று வெளியே தெரிகிறது. மீதியெல்லாம் மொனஸ்திராக்கியிலிருந்து திஸியோவுக்குப் போகும் மின்ரயில் பாதையின் அடியில். அந்த வழியாகத் தினம் வேலைக்குப் போனேன். ரயில் பன்னிரு தெய்வங்களின் தலை மேல் ஓடும்போது பெட்டிக்குள் எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நான் உட்பட.

சரி, வேஷமா என்ற கேள்விக்கு வருவோம். இந்த மரபு அறுந்தது என்பதில் சந்தேகம் இல்லை. உங்களுக்கு நேரடியாகப் பொருந்துகிற ஒரு சட்டம் இருக்கிறது: கி.பி. 392 நவம்பரில் பேரரசர் தியோடோசியஸ் போட்டது. அதற்கு முந்தைய ஆணைகள் கோயிலையும் பலியையும் குறிவைத்தன. இது வீட்டுக்குள் நுழைந்தது. வீட்டுத் தெய்வத்துக்கு விளக்கேற்றக் கூடாது, தூபம் போடக் கூடாது, மாலை தொங்கவிடக் கூடாது. அதாவது, நீங்கள் செய்ய நினைக்கும் அதே காரியத்தைப் பெயர் சொல்லித் தடுத்த சட்டம். 529இல் பேரரசர் ஜஸ்டினியன் ஏதென்ஸின் தத்துவப் பள்ளியை மூட வைத்தார். தெற்கே மானி தீபகற்பத்தின் ஒரு மூலையில் 9ஆம் நூற்றாண்டு வரை பழைய தெய்வங்களைக் கும்பிட்டவர்கள் இருந்தார்கள் என்று ஒரு பைசாந்தியப் பேரரசரே எழுதி வைத்திருக்கிறார். 15ஆம் நூற்றாண்டில், ஸ்பார்ட்டாவுக்குப் பக்கத்து மிஸ்ட்ராஸில், பிளெத்தோன் என்ற தத்துவவாதி ஜீயஸைத் தலைமையாகக் கொண்டு பஞ்சாங்கமும் துதிப்பாடல்களும் சேர்த்து ஒரு மதத்தையே ரகசியமாக எழுதினார். அவர் இறந்த பின் கான்ஸ்டான்டிநோபிளின் தலைமைக் குரு அந்தப் புத்தகத்தை எரித்தார். மிச்சத் துண்டுகள்தான் நம்மிடம் இருக்கின்றன. இவ்வளவுதான் தடயம். "எங்கள் குடும்பத்தில் ஹோமர் காலத்திலிருந்து விடாமல் கும்பிடுகிறோம்" என்று இணையத்தில் யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. இன்று நடப்பது அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டு இழுப்பது. நேர்மையான குழுக்கள் அதை ஒளிப்பதும் இல்லை.

ஆனால் எல்லாம் ஒரே அளவில் அறுந்துபோகவில்லை. அதீனாவின் பெரிய திருவிழாவான பனதெனையாவை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுமிகளும் பெண்களும் மாதக்கணக்கில் நெய்த மேலாடை, நகரம் முழுக்க ஊர்வலம், நூற்றுக்கணக்கில் மாடு, அந்த இறைச்சி நகரத்தாருக்கு. அதைச் செய்ய ஒரு நகரமே வேண்டும். சட்டமன்றமும் குதிரைப்படையும் கசாப்புக்கடைக்காரர்களும் ஒரே தெய்வத்தைக் கும்பிடும் நகரம். அது இனி இல்லை. வீட்டு வழிபாடு அப்படி அல்ல. அதற்கு வேண்டியது ஒரு கூரை, தண்ணீர், தானியம், நெருப்பு. பழைய ஏதென்ஸில் அதன் மதிப்பு எப்படியென்றால், பெரிய பதவிக்குத் தேர்வானவரை நிறுத்திக் கேட்கும் கேள்விகளில் ஒன்று: "உன் குலத்து அப்போலோவும் வீட்டு முற்றத்து ஜீயஸும் உனக்கு உண்டா, அந்த இடங்கள் எங்கே இருக்கின்றன?" தாய் தந்தை பெயர், பாட்டன் பெயர் கேட்ட கையோடு இதையும் கேட்டார்கள். நீங்கள் தொட நினைப்பது இந்த வீட்டுப் பகுதியை. மிக நன்றாகத் தெரிந்த, எளிதில் திரும்பச் செய்யக்கூடிய பகுதியும் இதுவே.

அங்கே வேதம் என்று ஒரு புத்தகம் கிடையாது, 'நம்புகிறேன்' என்று சொல்லிச் சேரும் சடங்கும் கிடையாது. செய்கிறாயா என்பதே கேள்வி. கி.மு. 700ஐ ஒட்டி வாழ்ந்த கவிஞர் ஹீசியட் தன் தம்பிக்கு விவசாயம் சொல்லிக்கொடுக்கும்போது நடுவில் சொல்கிறார்: உன் சக்திக்குத் தக்கபடி, சுத்தமாக, தெய்வங்களுக்குப் பலி கொடு, மற்ற நேரத்தில் படுக்கப் போகும்போதும் பொழுது விடியும்போதும் கொஞ்சம் ஊற்று, கொஞ்சம் தூபம் போடு. இன்னோர் இடத்தில், கை கழுவாமல் காலையில் ஜீயஸுக்கு ஒயின் ஊற்றாதே என்கிறார். வேண்டுதலும் அப்படியே, கணக்குச் சுத்தமானது. முதலில் தெய்வத்தைப் பெயர், பட்டம், ஊர் சொல்லி அழைப்பது, பிறகு நமக்குள் இருக்கும் பழைய உறவை நினைவுபடுத்துவது, கடைசியில் கேட்பது. இலியட்டின் தொடக்கத்தில் கிரைசீஸ் என்ற பூசாரி, "உனக்கு நான் கோயிலுக்குக் கூரை வேய்ந்தது உண்மையானால், கொழுத்த தொடைகளை எரித்தது உண்மையானால்" என்று அப்போலோவிடம் நியாயம் கேட்கிறார். இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு அவர்கள் வைத்த சொல் 'காரிஸ்'. வியாபாரம் என்று மொழிபெயர்த்தால் கெட்டுப்போகும். ஊரில் கல்யாணத்துக்கு மொய் எழுதுவதை நினைத்துப் பாருங்கள். பணம்தான், ஆனால் பணம் மட்டும் இல்லை. மொழி பற்றிக் கவலைப்பட வேண்டாம், தமிழிலேயே வேண்டலாம். 'எந்தப் பெயரில் அழைத்தால் உனக்குப் பிடிக்குமோ அந்தப் பெயரில்' என்று சேர்த்துக்கொள்வது அவர்களே வைத்திருந்த வழக்கம்.

நான் இதை முதலில் நேரில் பார்த்தது ஏதென்ஸின் பாங்ராத்தி பகுதியில், நாலாவது மாடி வீடு ஒன்றின் பால்கனியில். கணக்குப் பார்க்கும் வேலையில் இருந்த ஒரு பெண்மணி, மாதப் பிறப்புக்கு வரச் சொல்லியிருந்தார். துணி காயும் கொடிக்குக் கீழே ஒரு சின்ன மேஜை. அதில் மண்கிண்ணத்தில் தண்ணீர், தட்டில் பார்லி, ஒரு கோப்பை ஒயின், தேன் தடவிய ரொட்டி. பார்லி சூப்பர் மார்க்கெட்டில் வாங்கியது, பாக்கெட் இன்னும் பக்கத்திலேயே இருந்தது. தூபக்கால் அவருடைய பாட்டியுடையது. பாட்டி அதே தூபக்காலில் மாதா படத்துக்குச் சாம்பிராணி போட்டவர். காய்ந்த பிரியாணி இலை மாதிரி ஓர் இலையைக் கொளுத்தி எரியும்போதே தண்ணீரில் அமிழ்த்தினார். சுர்ரென்றது. 'கெர்னிப்ஸ்' என்பது அந்தத் தண்ணீர். அதில் எல்லோரும் கை கழுவினோம், எங்கள் மேலும் கொஞ்சம் தெளித்தார். ஆளுக்கு ஒரு பிடி பார்லி எடுத்து மேஜையின் மேல் எறிந்தோம். நான் பழக்கதோஷத்தில் கைகூப்பினேன். "இல்லை, இப்படி" என்று இரண்டு உள்ளங்கையையும் வானத்தைப் பார்க்கத் தூக்கிக் காட்டினார்.

அப்புறம் நடந்ததுதான் மானக்கேடு. அவர் கோப்பையைச் சாய்த்தபோது என் வலது கை தானாக நீண்டது, இடது கையை அடியில் கொடுத்து, தீர்த்தத்துக்கு நீட்டுவது போலவே. சடங்கு நின்றது. அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "அது உனக்கு இல்லை" என்று முதல் சொட்டுகளை அடுப்புத் தெய்வமான ஹெஸ்டியாவின் பெயர் சொல்லிப் பூந்தொட்டி மண்ணில் ஊற்றினார். தொட்டியில் இருந்தது இத்தாலியச் சமையலில் போடும் அந்தப் பேசில், நம் துளசிக்கு உறவுச் செடி. பிறகு ஜீயஸ், பிறகு மற்றவர்கள், கடைசியில் திரும்பவும் ஹெஸ்டியா. மிச்ச ஒயினை நாங்கள் குடித்தோம். எல்லாம் சேர்ந்து பத்து நிமிடம் இருக்காது. மறுநாள் மாடிப்படியில் கீழ்வீட்டுக் கிழவி, "நேற்று எந்தப் புனிதரின் நாள்? நல்ல மணம் வந்ததே" என்று கேட்டாராம்.

இவ்வளவுதானா என்று அன்று எனக்கும் தோன்றியது. அதற்கு மிகப் பழைய பதில் ஒன்று இருக்கிறது, கி.பி. 3ஆம் நூற்றாண்டில் போர்ஃபிரி என்ற தத்துவவாதி எழுதியது, அவரும் தமக்கு முந்தைய ஒருவரிடமிருந்து எடுத்தது. மக்னீசியாவில் ஒரு பணக்காரர், மாடு மந்தை மந்தையாக வைத்திருந்தவர், வருடா வருடம் பெரும் பலிகள் கொடுப்பவர். ஒருமுறை, அப்போலோவிடம் குறி கேட்கும் டெல்ஃபி கோயிலுக்கு ஆடம்பரமான பலியோடு போய், மனிதர்களிலேயே தெய்வங்களை மிகச் சரியாகக் கும்பிடுகிறவர் யார் என்று கேட்டார். தன் பெயர்தான் வரும் என்று எதிர்பார்ப்பு. வந்த பெயர் க்ளியார்க்கஸ், ஆர்க்கேடியாவில் மெத்திட்ரியோன் என்ற சிற்றூர்க்காரர். மனிதர் ஆடிப்போய் அந்த ஊரைத் தேடிப் போனார். ஊரைப் பார்த்தாலே தெரிந்தது, அங்கே தனியாள் மட்டுமல்ல, ஊரே சேர்ந்தாலும் பெரிய பலி கொடுக்க முடியாது என்று. அப்படி என்னதான் செய்கிறாய் என்று க்ளியார்க்கஸிடம் கேட்டார். அவர் சொன்னது: ஒவ்வொரு மாதப் பிறப்பிலும் முன்னோர் விட்டுப்போன ஹெர்மீஸையும் ஹெகாட்டேயையும் மற்றத் திருவுருவங்களையும் துடைத்துப் பளபளப்பாக்கி மாலை போடுவேன், குந்திரிக்கமும் மாவுப் பலகாரமும் வைப்பேன், ஊர்த் திருவிழா எதையும் விடமாட்டேன், மாடு வெட்டுவதில்லை, கையில் இருப்பதைக் கொடுப்பேன், விளைந்ததில் முதலில் தெய்வத்துக்கு எடுத்து வைப்பேன். இந்தக் கதை நடந்ததா என்று கேட்டால் எனக்குச் சந்தேகம்தான். டெல்ஃபியைச் சுற்றி இப்படிப்பட்ட கதைகள் நிறைய உலவின. ஆனால் நல்ல வழிபாடு எதுவென்று அவர்களே எதை நினைத்தார்கள் என்பதற்கு இது சாட்சி. வேஷமா இல்லையா என்பதை அவர்கள் அளவுகோலில் தீர்ப்பது அடுத்த மாதமும் அதே நாளில் துடைக்கிறீர்களா என்பது.

செய்முறையைச் சொல்கிறேன். ஏதென்ஸின் மாதம் நிலவைப் பார்த்தது. மாதத்தின் கடைசி நாள், நிலவில்லா இரவு, ஹெகாட்டேக்கான 'தெய்ப்னோன்', அதாவது இரவுச் சாப்பாடு. வீட்டைக் கூட்டிச் சுத்தம் செய்து, உணவை முச்சந்தியில் வைப்பார்கள். முச்சந்தி என்று நான் தமிழுக்காகச் சொல்லவில்லை. அவளுடைய பட்டமே 'மூன்று தெருக்காரி'. வைத்த சாப்பாட்டைப் பசித்த ஏழைகள் கீழே வைக்கும் முன்பே தூக்கிப் போவார்கள் என்று நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோஃபனீஸ் கிண்டல் செய்கிறார். இன்று பலர் அன்றைக்கு யாருக்காவது சாப்பாடு வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது. மறுநாள், முதல் பிறைக் கீற்று தெரிகிற நாள், 'நூமேனியா'. நான் பால்கனியில் பார்த்தது இதைத்தான். அதற்கு அடுத்த நாள் வீட்டுக் காவல் தெய்வமான 'நல்ல தைமோனுக்கு'. நம் வீட்டு நாள்காட்டியில் அமாவாசையையும் மூன்றாம் பிறையையும் பார்த்தால் போதும், ஒரு நாள் முன்பின் இருந்தால் ஒன்றும் ஆகாது. பழைய ஏதென்ஸிலேயே அதிகாரிகள் நாட்களை நகர்த்தினார்கள்.

சாமான் அறையில் இருக்கும் ஜீயஸ் ஒருவர் உண்டு, க்டீசியோஸ், வீட்டுச் சேமிப்பைக் காப்பவர். அவருக்கு மூடியுள்ள ஒரு சின்ன ஜாடியே வடிவம்: காதுகளில் வெள்ளைக் கம்பளி நூல் சுற்றி, உள்ளே தண்ணீர், ஆலிவ் எண்ணெய், பலவகைத் தானியமும் பழமும். ஜீயஸ் என்றதும் மின்னலோடு நிற்கும் தாடிக்காரரை மட்டும் நினைக்கிறவர்களுக்கு இந்த அரிசிப்பானைப் பக்கத்து ஜீயஸைக் காட்ட எனக்குப் பிடிக்கும். எந்தச் சடங்கிலும் தொடக்கமும் முடிவும் ஹெஸ்டியா. நம் ஆட்கள் பிள்ளையார் சுழி போடுவது போல. வீட்டில் மது ஆகாது என்றால் தண்ணீர், பால், தேன் ஊற்றலாம். ஒயின் இல்லாமல் ஊற்றும் தனி வகையே அவர்களிடம் இருந்தது. அது குறிப்பிட்ட சில தெய்வங்களுக்கு மட்டுமான முறை, அதீனா அந்தப் பட்டியலில் இல்லை என்பது உண்மை. ஆனால் 'சக்திக்குத் தக்கபடி' என்ற ஹீசியட்டின் வார்த்தை அங்கே உங்களுக்குக் கைகொடுக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அமாவாசை, முச்சந்தி, தூபம், மாலை என்று அடுக்கிக்கொண்டே போனால் 'அட, நம்ம மதம்தான்' என்று தோன்றும். தமிழ் வாசகர்கள் அதிகம் வழுக்குகிற இடம் இது. நாம் மட்டும் வழுக்கவில்லை. கி.மு. 300ஐ ஒட்டி மெகஸ்தனீஸ் இந்தியாவுக்கு வந்து இங்கே கும்பிட்ட தெய்வங்களைப் பார்த்து, இது டயோனைசஸ், அது ஹெராக்ளீஸ் என்று எழுதினார். தெற்கே ஹெராக்ளீஸின் மகள் பாண்டையா ஆள்கிறாள் என்றும் கேள்விப்பட்டு எழுதினார். ஒப்பிட்டுப் பார்ப்பது அந்தக் காலத்து மரியாதை. ஆனால் கிரேக்கத் தெய்வங்கள் உலகத்தைப் படைத்தவர்கள் அல்ல, உலகத்துக்குள் பிறந்தவர்கள். வினை, மறுபிறப்பு, முக்தி எல்லாம் பித்தகோரஸ் வழியினர் போன்ற சிலரின் பேச்சு. சாதாரண வீட்டில் அது இல்லை. சாவு நெருங்கினால் வேட்டைத் தெய்வமான ஆர்ட்டெமிஸ் தன் அன்புக்குரியவனையே விட்டு விலகிப் போகிறாள், பிணத்தைப் பார்ப்பது அவளுக்கு ஆகாது. கைவிடாத கடவுளைத் தேடி இங்கே வந்தால் ஏமாற்றம்தான்.

உரிமை பற்றி. "கிரேக்க ரத்தம் இருந்தால்தான்" என்று சொல்கிறவர்கள் அங்கே உண்டு. அவர்களிடம் பழைய வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸின் ஒரு வரி இருக்கிறது, ஒரே ரத்தம், ஒரே மொழி, ஒரே கோயில்கள், ஒரே பழக்கவழக்கம் என்று. எதிர்ப்பக்கத்தில் ஏதென்ஸின் பேச்சுக்கலை ஆசான் ஐசாக்ரடீஸ் இருக்கிறார்: 'ஹெலனியர்' (கிரேக்கர்) என்பது இப்போது பிறப்பைச் சொல்வதில்லை, எங்கள் கல்வியில் பங்குள்ளவரைச் சொல்கிறது என்றவர். இரண்டுமே ஒரு காரியத்துக்காகச் சொன்ன பேச்சின் வரிகள், சட்டம் அல்ல. நடைமுறையைப் பார்த்தால் கதவு திறந்தே இருந்தது. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் கடைசியில் தட்சசீலத்திலிருந்து தூதராக வந்த ஹீலியோடோரஸ் என்ற கிரேக்கர் விதிஷாவில் வாசுதேவருக்குக் கருடத் தூண் நட்டார். அது இன்றும் நிற்கிறது. அவர் ஜீயஸை விட்டுவிட்டாரா என்ற கேள்வி அவர் காலத்தில் யாருக்கும் தோன்றியிருக்காது. மதம் மாறுவது என்ற எண்ணமே அந்த உலகத்துக்கு அந்நியம். அப்புறம், வியன்னாவில் இருக்கும் கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒன்றில், முசிறியிலிருந்து தந்தமும் துணியும் ஏற்றிப்போன கப்பலின் பெயர் ஹெர்மப்பொல்லோன்: ஹெர்மீஸ், அப்போலோ இருவரும் சேர்ந்து ஒரே கப்பலில். நம் கடற்கரைக்கு அந்தப் பெயர்கள் புதிதல்ல.

உறுதியில்லாத பகுதிகளையும் சொல்லிவிடுகிறேன், இணையத்தில் அதிகம் விற்பது அவைதான். ஏதென்ஸுக்குப் பக்கத்து எலூசிஸில் நடந்த ரகசியச் சடங்கை 'மீட்டெடுத்திருக்கிறோம்' என்று யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அங்கே குடித்த பானத்தில் பார்லியும் ஒருவகைப் புதினாவும் இருந்தன என்பது தெரியும். உள்ளே காட்டியது என்ன என்பதை ஆயிரம் வருடம் யாரும் வெளியே சொல்லாமல் காத்துவிட்டார்கள். பானத்தில் போதைப் பூஞ்சை இருந்தது என்பது சுவாரசியமான ஊகம், அதற்கு மேல் இல்லை. 'உன்னைத் தேர்ந்தெடுத்த ஒரே தெய்வம்' என்ற பேச்சு பெரும்பாலும் நாவல்களிலிருந்து வந்தது. பழைய வீட்டில் ஒருவரோடு நிற்பதில்லை, ஜாடி ஜீயஸ், வாசல் அப்போலோ, அடுப்பு ஹெஸ்டியா என்று எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம். எந்தத் தெய்வத்துக்கு எந்தக் கல், எந்த மெழுகுவர்த்தி நிறம் என்ற அட்டவணைகள் பின்னால் வந்த சரக்கு. உயிர்ப்பலி வேண்டுமா என்று பயப்படவும் வேண்டாம். எனக்குப் பழக்கமானவர்கள் யாரும் செய்வதில்லை, பழமும் பலகாரமும்தான்.

ஆர்வம் முற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃப்ராஸ்டஸ் ஓர் ஆளைக் காட்டுகிறார். கீரிக்கு ஒன்றுவிட்ட தம்பி போன்ற பிராணி ஒன்று குறுக்கே ஓடினால், வேறு யாராவது தாண்டும் வரை நகரமாட்டான், அல்லது மூன்று கல்லைத் தெருவுக்குக் குறுக்கே எறிந்துவிட்டுப் போவான். மாவுப்பையை எலி கடித்தால் சாஸ்திரம் தெரிந்தவரிடம் ஓடுவான். "தோல் தைப்பவனிடம் கொடுத்துத் தைத்துக்கொள்" என்று அவர் சொன்னால் அதைக் கேட்காமல் பரிகாரம் செய்யப் போவான். கி.மு. 4ஆம் நூற்றாண்டு ஆள். கிரேக்கர்கள் அவனைப் பக்தன் என்று சொல்லவில்லை. தெய்வத்துக்குப் பயந்தாங்கொள்ளி என்று ஒரு தனிச் சொல்லே வைத்திருந்தார்கள்.

கடைசியாக அம்மாவின் பூஜை அலமாரி. வேறு இடம் இருந்தால் வேறு இடத்தில் தொடங்குங்கள். ஜன்னலோரத் தொட்டிச்செடி ஒன்று போதும், ஊற்றுவதற்கு மண் அங்கேயே இருக்கிறது. கரித்துண்டில் தூபம் போடுவதானால் கதவைத் திறந்து வையுங்கள், தட்டுக்கு அடியில் மணல் வையுங்கள். அலமாரியில்தான் வைக்க வேண்டும் என்றால் அம்மாவிடம் முதலில் கேளுங்கள். கி.மு. 333இல் சைப்ரஸ் வணிகர்கள் தங்கள் தேவிக்குப் பிரேயஸ் துறைமுகத்தில் கோயில் கட்ட ஆசைப்பட்டபோது, ஏதென்ஸ் மக்கள் சபையில் விண்ணப்பம் வைத்து, விவாதம் நடந்து, எகிப்தியர்களுக்கு ஐசிஸ் கோயில் கட்ட விட்டது போல இவர்களுக்கும் இடம் வாங்கிக்கொள்ள அனுமதி என்று தீர்மானம் போட்ட பிறகே கட்டினார்கள். அந்தக் கல்வெட்டு இன்னும் இருக்கிறது. அம்மாவிடம் காட்ட முன்னுதாரணம் வேண்டுமென்றால் சொல்லுங்கள், முழுதாகத் தமிழில் எழுதித் தருகிறேன்.